தப்பான பக்கம் ஓடிய மின்னோட்டம்: எசாகி டையோடு, ஒரு நிகழ்வு ஆய்வு

டையோடைப் பற்றிப் பள்ளியில் சொல்லித் தருவது ஒரே விஷயம்தான்: ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. 1957-ல் டோக்கியோவில் லியோ எசாகி அளந்த ஜெர்மேனியம் டையோடு இந்தப் பாடத்தை இரண்டு இடங்களில் மீறியது. விடக்கூடாத பக்கத்தில் தாராளமாக விட்டது. விட வேண்டிய பக்கத்தில் 0.035 வோல்ட் வரை மின்னோட்டம் ஏறியது. அதற்குமேல் வோல்டேஜைக் கூட்டக் கூட்டக் குறைந்துகொண்டே போனது. 0.3 வோல்ட்டைத் தாண்டியதும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஏறி, பாடப்புத்தக டையோடாக நடந்துகொண்டது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் அதிர்ஷ்டக் கதையாகத்தான் சொல்வார்கள். ரேடியோ கம்பெனி, கழித்துப் போட்ட டிரான்சிஸ்டர்கள், அதில் ஒன்றைக் கையில் எடுத்த இளைஞர், கடைசியில் நோபல் பரிசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் 1957 அக்டோபரில் 'ஃபிசிக்கல் ரிவியூ' இதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்தால் வேறு கதை தெரிகிறது. இரண்டே பக்கக் கட்டுரை அது. விசித்திரமான மின்னோட்ட-மின்னழுத்த வளைவு கிடைத்தது அதில் பாதிதான். அந்த வளைவு அளவீட்டுக் கோளாறு இல்லை, எலக்ட்ரான் தடையை ஏறாமல் குடைந்து கடக்கும் டனலிங்தான் என்று நிறுவ என்னென்ன செய்தார் என்பதுதான் மீதிப் பாதி. எனக்கு அந்த மீதிப் பாதியில்தான் ஆர்வம்.

வேலை தொடங்கிய இடம்

எசாகி 1925-ல் ஒசாகாவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1947-ல் வெளியே வந்தார். கோபே கோக்யோ என்ற கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், 1956-ல் டோக்கியோ சூஷின் கோக்யோவுக்கு மாறினார். டிரான்சிஸ்டர் ரேடியோ செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனி 1958 ஜனவரியில் சோனி என்று பெயரை மாற்றிக்கொண்டது. எசாகியின் கட்டுரை அச்சில் வந்ததும் அதே மாதம்தான். கட்டுரையில் இருப்பது பழைய பெயர்.

ரேடியோவுக்கு அதிக அதிர்வெண்ணில் வேலை செய்யும் டிரான்சிஸ்டர் வேண்டும். அதற்கு ஜெர்மேனியத்தில் கலக்கும் மாசு அணுக்களின் அளவைக் கூட்டிப் பார்ப்பது அன்றைய வழிகளில் ஒன்று. எவ்வளவு வரை கூட்டலாம், எங்கே சந்தி (பி, என் என்ற இரு வகைக் கலப்புப் பகுதிகள் சேரும் இடம்) கெட்டுப்போகும் என்பது தொழிற்சாலைக்கு நடைமுறைக் கேள்வி. அதே கேள்வியை ஓர் இயற்பியலாளரிடம் கொடுத்தால் அது வேறு உருவம் எடுக்கும். கலப்பைக் கூட்டினால் பி-என் சந்தியின் நடுவே இருக்கும் இயக்கமில்லாப் பகுதி மெலியும். நூறு மடங்கு கூட்டினால் அகலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும். இப்படி மெலிந்துகொண்டே போனால் ஓர் இடத்தில் எலக்ட்ரான் அந்தப் பகுதியை ஏறித் தாண்டாமல் குடைந்துகொண்டு மறுபக்கம் வந்துவிட வேண்டும். குவாண்டம் இயக்கவியல் 1920-களின் கடைசியிலிருந்தே சொல்லிவந்தது இது. குறைக்கடத்தி ஒன்றுக்குள் அது நடப்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியவர்தான் யாரும் இல்லை.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. இந்தத் துறை ஏற்கனவே இரண்டு தடவை சூடுபட்டிருந்தது. 1932 வாக்கில் வில்சன், நோர்ட்ஹைம், ஃபிரெங்கல், யோஃபே ஆகியோர் டையோடு ஒருவழியாக மட்டும் கடத்துவதற்கு டனலிங்கே காரணம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு அழகாக வந்தது, திசைதான் தப்பாக வந்தது. நிஜ டையோடு எந்தப் பக்கம் கடத்துமோ அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தைக் காட்டியது அவர்கள் கோட்பாடு. அது அப்படியே மூலைக்குப் போய்விட்டது.

அடுத்தது செனர். 1934-ல் கிளாரன்ஸ் செனர், பலமான மின்புலத்தில் எலக்ட்ரான்கள் ஒரு பட்டையிலிருந்து (எலக்ட்ரான்களுக்கு அனுமதி உள்ள ஆற்றல் வரம்பு) இன்னொரு பட்டைக்குக் குடைந்து போகும் என்றும், மின்காப்புப் பொருள்கள் முறிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார். பின்னோக்குச் சார்பில், அதாவது விடாத பக்கத்தில் வோல்டேஜ் கொடுக்கும்போது, டையோடு திடீரென்று முறிவதையும் இதை வைத்தே விளக்கினார்கள். 1950-களில் பெல் ஆய்வகத்தில் மெக்கேயும் உடன் இருந்தவர்களும் அளந்து பார்த்தபோது, பெரும்பாலான டையோடுகளில் நடப்பது வேறு என்று தெரிந்தது. வேகமெடுத்த எலக்ட்ரான் மோதி இன்னொன்றைக் கிளப்ப, அது மோதி இன்னொன்றைக் கிளப்ப, பனிச்சரிவு மாதிரி பெருகும் நிகழ்வு அது. இன்றும் கடையில் 'செனர் டையோடு' என்று வாங்கும் 12 வோல்ட் டையோடில் நடப்பது செனர் சொன்னது இல்லை. ஐந்தாறு வோல்ட்டுக்குக் கீழே உள்ளவற்றில்தான் பெயருக்கு ஏற்ற வேலை நடக்கிறது.

ஆக, 1956-ல் 'என் டையோடில் டனலிங் பார்த்தேன்' என்று யாராவது சொன்னால், எதிரே இருப்பவர் 'நிஜமாகவா, இல்லை இதுவும் பனிச்சரிவா?' என்றுதான் கேட்பார்.

படிப்படியாக மெலிந்த சந்தி

எசாகியின் குழு ஜெர்மேனியத்தில் கலப்பைக் கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் வளைவை எடுத்துக்கொண்டே போனது. முதலில் முறிவு வோல்டேஜ் இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். இன்னும் கூட்டியபோது பின்னோக்கி முறிவு என்று தனியாக ஒன்று இல்லாமலே போனது. சுழியத்திலிருந்தே மின்னோட்டம் ஓடத் தொடங்கி, முன்னோக்கியதைவிடப் பின்னோக்கி அதிகமாக ஓடியது. பிற்பாடு இதற்குப் 'பேக்வேர்ட் டையோடு' என்றே பெயர் வந்தது. பனிச்சரிவுக்குத் தேவையான வோல்டேஜ் அந்த இடத்தில் கிடையாது. மோதி இன்னொன்றைக் கிளப்ப வேண்டுமானால் எலக்ட்ரான் குறைந்தபட்சம் பட்டை இடைவெளி (இரண்டு பட்டைகளுக்கு நடுவே எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் வெளி) அளவு ஆற்றலாவது சேர்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட்டில் அது முடியாது.

எனக்கு இந்தப் படிதான் முக்கியம். ஏறி இறங்கிக் கூன் விழுந்த வளைவு எல்லோர் கண்ணிலும் படும். பின்னோக்கி மின்னோட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் பெரும்பாலானவர்கள் 'கசிவு, பீஸ் சரியில்லை' என்று ஒதுக்கிவிடுவார்கள். அதை ஒதுக்காமல், இன்னும் ஒரு படி மெலிய வைத்தால் என்ன ஆகும் என்று போனதால்தான் அடுத்தது வந்தது.

அந்த அடுத்த படியில் பி பக்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.6×10¹⁹ ஏற்பி அணுக்கள் (எலக்ட்ரானை வாங்கும் மாசு அணுக்கள்), என் பக்கம் ஏறத்தாழ 10¹⁹ வழங்கி அணுக்கள் (எலக்ட்ரானைக் கொடுப்பவை). சந்தியின் அகலம் சுமார் 15 நானோமீட்டர். அதாவது ஜெர்மேனியப் படிகத்தின் அலகறைகளை (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அணுக் கட்டங்களை) வரிசையாக அடுக்கினால் முப்பதுகூடத் தேறாது. ஒரு வோல்ட்கூட இல்லாத சந்தி மின்னழுத்தம் இவ்வளவு குறுகிய இடத்தில் விழுவதால், உள்ளே மின்புலம் சென்டிமீட்டருக்கு 4 லட்சம் வோல்ட்டைத் தாண்டும். வெளியிலிருந்து யாரும் எதுவும் கொடுக்காமலே இவ்வளவு. முன்னோக்கிய வளைவில் கூன் வந்தது இங்கேதான்.

ஏன் ஏறி இறங்குகிறது? இவ்வளவு கலப்பில் என் பக்கத்தின் கடத்து பட்டையில் (எலக்ட்ரான்கள் தாராளமாக நகரும் மேல் பட்டை) அடிமட்டத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும். பி பக்கத்தின் இணைதிறன் பட்டையில் (அதற்குக் கீழே உள்ள பட்டை) மேல்மட்டத்தில் காலி இடங்கள் இருக்கும். டனலிங்கில் எலக்ட்ரான் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அதே ஆற்றலில் மறுபக்கம் ஒரு காலி இடம் இருந்தால்தான் போக முடியும். சிறிதளவு முன்னோக்கு வோல்டேஜ் கொடுத்தால் நிரம்பிய மட்டங்களும் காலி மட்டங்களும் நேருக்கு நேர் வரும், மின்னோட்டம் ஏறும். இன்னும் கொடுத்தால் என் பக்கம் மேலே போய்விடும். எலக்ட்ரான்களுக்கு எதிரே இப்போது இருப்பது விலக்கப்பட்ட இடைவெளி. போக இடம் இல்லை, மின்னோட்டம் விழும். அதற்கும் மேலே கொடுத்தால் எலக்ட்ரான்கள் வழக்கம்போலத் தடையை ஏறித் தாண்டத் தொடங்கும், வளைவு மறுபடி எழும். பின்னோக்கி என்றால் பி பக்கத்தின் நிரம்பிய மட்டங்களுக்கு எதிரே என் பக்கத்தின் காலி மட்டங்கள் குவிந்துகொண்டே போகும். அதனால் அந்தப் பக்கம் தடையே கிடையாது.

இங்கே 1932-ன் கோட்பாட்டுக்கு மறுவாழ்வு கிடைக்கிறது. அன்று தப்பான திசை காட்டியது என்று ஒதுக்கிய கணக்கு, நிஜமாகவே டனலிங் நடக்கும் டையோடில் சரியான திசையைக் காட்டுகிறது. எசாகி இதைக் கட்டுரையிலேயே குறிப்பிடுகிறார்: இந்த டையோடு கடத்தும் திசை, 25 ஆண்டுகளுக்கு முன் அந்த நால்வர் சொன்ன திசையோடு பொருந்துகிறது என்று. கணக்கில் தப்பு இல்லை. அதைப் பொருத்திப் பார்த்த டையோடுதான் தப்பு.

சந்தேகத்தை அடைத்த மூன்று அளவீடுகள்

வளைவை மட்டும் காட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கட்டுரையில் மூன்று விஷயங்கள் சேர்ந்து நிற்கின்றன.

செய்த ஒவ்வொரு மாதிரியிலும் உச்சம் 0.035 வோல்ட்டில், கூடக் குறைய 0.005 வோல்ட்டுக்குள் வந்தது. கழித்துப்போட்ட பீஸ்களில் இப்படி வராது. பழுது என்றால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் பழுதாகும்.

அகலம் ஊகத்தில் வந்தது இல்லை. சந்தியின் மின்தேக்குத் திறனை அளந்து அதிலிருந்து கணக்கிட்டது. டனலிங் அகலத்தைப் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் மாறும் என்பதால் இந்த எண் இல்லாமல் எந்த ஒப்பீடும் செல்லாது.

மூன்றாவது வெப்பநிலை. என்னைக் கேட்டால் வழக்கை முடித்துவைத்த சாட்சி இதுதான். சாதாரண ஜெர்மேனியம் டையோடில் பின்னோக்கி மின்னோட்டம் ஏறத்தாழ பத்து டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காரணம், எலக்ட்ரான்கள் வெப்பத்தைக் கடன் வாங்கித் தடையை ஏறுகின்றன. எசாகியின் மாதிரிகளில் கூன் விழுந்த பகுதி வெப்பநிலைக்குப் பெரிதாக அசையவில்லை. குளிரிலும் அறை வெப்பத்திலும் ஏறக்குறைய அதே உருவம். ஏறுகிறவனுக்குத்தான் வெப்பம் வேண்டும், குடைகிறவனுக்கு வேண்டாம். அதே டையோடில் 0.3 வோல்ட்டுக்கு மேலே உள்ள பகுதி வழக்கமான டையோடு சமன்பாட்டோடு அளவிலேயே ஒத்துப்போனது. ஒரே துண்டில், ஒரே வளைவில், இரண்டு வகைப் பயணமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன.

1958 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் நடந்த திடநிலை இயற்பியல் மாநாட்டில் எசாகி இதைப் பேசினார். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி தன் உரையில் இந்த வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டியதால் அறை நிரம்பியது என்று எசாகியே பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தப் பாராட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

1956 ஆகஸ்ட் 14 அன்று, கலிஃபோர்னியாவில் ஷாக்லியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராபர்ட் நாய்ஸ் தன் குறிப்பேட்டில் இதே டையோடை எழுதிவைத்தார். மிக அதிகக் கலப்பு, மெலிந்த சந்தி, டனலிங், மின்னோட்டம் ஏறி இறங்கும் என்ற கணிப்பு, எல்லாம் அதில் இருந்தன. முதலாளியிடம் காட்டினார். ஷாக்லி ஆர்வம் காட்டவில்லை. நாய்ஸ் வேறு வேலைக்குப் போய்விட்டார். பின்னால் ஒருங்கிணைந்த சுற்றைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகவும் இன்டெலை நிறுவிய இருவரில் ஒருவராகவும் ஆனார் என்பதால் அவருக்காகப் பரிதாபப்பட ஒன்றும் இல்லை. யாருக்கு முதலில் தோன்றியது என்று வாதாடுவதும் இங்கே வீண்தான். நாய்ஸின் குறிப்பேட்டில் யோசனை மட்டும் இருந்தது. எசாகியிடம் டையோடு, மின்தேக்குத் திறன், வெப்பநிலை எல்லாம் இருந்தன.

என் மேசையில் ஒரு பழைய டையோடு

இந்த வளைவை எடுப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேனோ அவ்வளவு சுலபமாக இல்லை. அதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் 1957-ல் அந்த மேசையில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது இப்படித்தான்.

ஆய்வகத்தின் பழைய டப்பாவில் ஒரு ஜெர்மேனியம் டனல் டையோடு கிடைத்தது. உச்சம் 1 மில்லிஆம்பியர், 65 மில்லிவோல்ட்டில்; பள்ளம் 0.12 மில்லிஆம்பியர், 350 மில்லிவோல்ட்டில் என்ற வகை. வழக்கம்போலப் பாதுகாப்புக்கு 1 கிலோஓம் தொடரில் போட்டு வோல்டேஜைக் கூட்டினேன். உச்சம் வரை ஒழுங்காக ஏறியது. அப்புறம் இறங்கவில்லை, தாவியது. 65 மில்லிவோல்ட்டில் இருந்த புள்ளி ஒரே எட்டில் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. வோல்டேஜைக் குறைத்தபோது வேறு இடத்தில் திரும்பித் தாவியது. நான் பார்க்க வந்த பகுதி மட்டும் வளைவில் இல்லை.

காரணம் எளிதுதான். இறங்குமுகப் பகுதியில் வோல்டேஜ் கூடக் கூட மின்னோட்டம் குறைவதால், அங்கே இந்த டையோடின் மின்தடை சுமார் கழித்தல் 120 ஓம். தொடரில் இருக்கும் தடை அதைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பகுதியில் எந்தப் புள்ளியும் நிலைக்காது. 1 கிலோஓமை எடுத்துவிட்டு, குறைந்த தடையுள்ள மூலத்தோடு நேராக இணைத்தேன். இப்போது தாவல் இல்லை, ஆனால் இறங்குமுகத்தின் நடுவே ஒரு திண்ணை. கொஞ்சம் இறங்கி, தட்டையாக ஓடி, மறுபடி இறங்கியது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கேபிளைக் கையால் தொட்டதும் திண்ணை இடம் மாறியபோது சந்தோஷம் போய்விட்டது.

டையோடு அலைவியற்றியாக மாறியிருந்தது. எதிர்மறை மின்தடை, கேபிளின் தூண்டல், சந்தியின் மின்தேக்கம் மூன்றும் சேர்ந்தால் அதுதான் நடக்கும். அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் அலைமாலைப் பகுப்பாய்வியில் பார்த்தபோது குச்சி மாதிரி ஒரு உச்சம் நின்றது. மெதுவான மீட்டர் காட்டியது அந்த வேகமான ஆட்டத்தின் சராசரியை. அதுதான் திண்ணை.

சரிசெய்ததும் பழைய முறையில்தான். டையோடின் கால்களுக்கு வெகு அருகே, அதன் குறுக்கே ஒரு 47 ஓம் மின்தடையைப் பற்றவைத்தேன். இரண்டும் சேர்ந்த கடத்துதிறன் இப்போது எல்லா இடத்திலும் நேர்மறை. ஆட்டம் நின்றது. மொத்த மின்னோட்டத்தை அளந்து, 47 ஓமில் ஓடியதைக் கழித்தால் மிச்சம் டையோடின் உண்மையான வளைவு. பள்ளத்தின் அருகே நிலைமை மோசம்: மின்தடை 7 மில்லிஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, டையோடின் பங்கு 0.12 மில்லிஆம்பியர். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன எண்ணைத் தேடும் வேலை. மின்தடையின் மதிப்பை நாலு இலக்கத்துக்கு அளந்து வைத்திருக்காவிட்டால் பள்ளம் கழித்தல் பக்கம்கூடப் போய்விடும். எனக்கு முதல் தடவை போனது.

மேசையில் தாவலையும் திண்ணையையும் பார்த்தவனுக்கு, 'ஒவ்வொரு மாதிரியிலும்' என்று அந்தக் கட்டுரையில் வரும் இடத்தின் கனம் தெரியும்.

சந்தையில் என்ன ஆனது

ஒரு குறுகிய காலத்துக்கு எல்லோரும் இதன் பின்னால் ஓடினார்கள். டனலிங்குக்குக் காத்திருப்பு இல்லை, சிறுபான்மை மின்னூட்டங்கள் சேர்ந்து கலையும் தாமதம் இல்லை. அன்றைய டிரான்சிஸ்டர் எட்டாத வேகம் கிடைத்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் எயிச்சி கோட்டோ இரண்டு எசாகி டையோடுகளை ஜோடி சேர்த்துக் கணிப்பொறித் தர்க்கச் சுற்று செய்தார். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஹோலோன்யாக்கும் உடனிருந்தவர்களும் 1959-ல் திரவ ஹீலியக் குளிரில் டனல் டையோடின் வளைவில் படிக அதிர்வுகளின் தடத்தையே கண்டார்கள். அளவீட்டுக் கருவிகள் செய்யும் டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் 284 துடிப்பு இயற்றி 70 பிக்கோவினாடிக்குள் எழும் துடிப்பைக் கொடுத்ததும் டனல் டையோடால்தான்.

அப்புறம் அடங்கிவிட்டது. இதற்குக் கால்கள் இரண்டுதான். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே முனையில். டிரான்சிஸ்டரில் பின்னால் இருக்கும் சுற்று முன்னால் இருப்பதைத் தொந்தரவு செய்யாது. இங்கே ஒரு டையோடு இருமினால் பத்து டையோடுக்கும் கேட்கும். இன்னொரு பக்கம், உச்ச மின்னோட்டம் கலப்பைப் பொறுத்து அடுக்குக்குறியாக மாறுவதால், கணக்கான மதிப்புக்குக் கொண்டுவர ஒவ்வொரு டையோடையும் அமிலத்தில் அரித்து அரித்து அளக்க வேண்டியிருந்தது. அரித்து மெலிந்த கழுத்து தட்டினால் உடையும். ஆயிரக்கணக்கில் ஒரே சில்லில் அச்சடிக்கும் சிலிக்கான் வந்துகொண்டிருந்த காலத்தில் இது எடுபடுமா? வேகத்தில் தோற்றுப் போகவில்லை, உற்பத்தியில் தோற்றது.

நோபல் பரிசு 1973-ல் வந்தது, இவார் ஜேவர், பிரையன் ஜோசஃப்சன் இருவரோடும் சேர்த்து. அதற்குள் டையோடு ஓரம்கட்டப்பட்டிருந்தது. எசாகியும் அதை விட்டு வெகுதூரம் வந்திருந்தார்.

தடையைச் செய்துகொள்வது

1960-ல் எசாகி அமெரிக்காவில் ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அவர் கையில் எடுத்தது, டனல் டையோடின் அடிப்படைக் குறையிலிருந்து நேராக வருகிற கேள்வி என்று நான் நினைக்கிறேன். டனல் டையோடில் தடையை உண்டாக்குவது மாசு அணுக்கள். அவை எங்கே உட்கார்ந்தன, எத்தனை என்பது முழுதாக நம் கையில் இல்லை. தடையின் உயரத்தையும் அகலத்தையும் நாமே முடிவுசெய்து கட்ட முடிந்தால்?

1969-70-ல் ரஃபேல் சூவோடு சேர்ந்து அவர் முன்வைத்தது மீப்படிகம், அதாவது சூப்பர்லாட்டிஸ். இரண்டு குறைக்கடத்திகளைச் சில நானோமீட்டர் தடிமனில் மாற்றி மாற்றி அடுக்குவது. படிகத்துக்கு இயற்கையாக அரை நானோமீட்டரில் ஒரு லயம் இருக்கிறது. அதன்மேல் மனிதன் செய்த பத்து நானோமீட்டர் லயம் இன்னொன்று. அப்போது பட்டைகள் குட்டிப் பட்டைகளாகப் பிரியும், அவற்றில் எதிர்மறை மின்தடை வரும் என்று கணக்குச் சொன்னது.

கட்டுரையை 'ஃபிசிக்கல் ரிவியூ' திருப்பி அனுப்பியது. வெறும் ஊகம், புதிய இயற்பியல் எதுவும் இல்லை என்பது மதிப்பீட்டாளரின் தீர்ப்பாக இருந்தது என்று எசாகி பின்னாளில் கொஞ்சம் எரிச்சலோடு எழுதினார். 1970-ல் அது ஐபிஎம்மின் சொந்த ஆய்விதழில் வந்தது. மதிப்பீட்டாளர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு: அந்த அடுக்கை அன்று யாராலும் ஒழுங்காகச் செய்ய முடியாது. முதலில் காலியம் ஆர்சனைடு ஃபாஸ்ஃபைடில் செய்து பார்த்ததில் எதிர்பார்த்த குவாண்டம் விளைவு வரவில்லை. இரண்டு பொருள்களின் அணு இடைவெளி பொருந்தாவிட்டால் அடுக்குக்குள் இழுவிசையும் பிளவுகளும் வந்துவிடும்.

வழி திறந்தது காலியம் ஆர்சனைடு, அலுமினியம் ஆர்சனைடு ஜோடியில். இரண்டின் அணு இடைவெளியும் சுமார் 0.14 சதவீத வித்தியாசத்துக்குள் பொருந்துகின்றன. மிக உயர் வெற்றிடத்தில் அணுக்களைக் கதிராக அனுப்பி நொடிக்கு ஏறத்தாழ ஓர் அணு அடுக்கு என்ற வேகத்தில் வளர்க்கும் மூலக்கூற்றுக் கதிர் முறை அப்போது பக்குவப்பட்டுவந்தது. பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் சோவும் ஜான் ஆர்தரும் அதில் முன்னோடிகள். ஒரு அடுப்பின் மூடியைத் திறந்து மூடினால் பொருள் மாறும். மணிக்கு ஒரு மைக்ரோமீட்டர். பொறுமை வேண்டும்.

1974-ல் லெராய் சாங், எசாகி, சூ மூவரும் இரண்டே இரண்டு தடைச் சுவர்களும் நடுவில் 5 நானோமீட்டர் கிணறும் கொண்ட அமைப்பை அளந்தார்கள். பதினெட்டு அடுக்கு காலியம் ஆர்சனைடு, அவ்வளவுதான். கிணற்றுக்குள் எலக்ட்ரானுக்கு அனுமதி உள்ள ஆற்றல்கள் சில மட்டுமே. வரும் எலக்ட்ரானின் ஆற்றல் அதில் ஒன்றோடு பொருந்தினால், உள்ளே முன்னும் பின்னும் மோதித் திரும்பும் அலைகள், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒன்றையொன்று வளர்க்கும். இரண்டு சுவர்களும் இல்லாததுபோல எலக்ட்ரான் கடந்துவிடும். பொருத்தம் தவறினால் மின்னோட்டம் விழும். குளிர்ந்த நிலையில் எடுத்த வளைவில் மறுபடியும் ஒரு கூன். இந்தத் தடவை கூன் எந்த வோல்ட்டில் வர வேண்டும் என்பதை அடுக்கின் தடிமனை வைத்து முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

இங்கிருந்து கிளைகள் பல பிரிந்தன. ஒத்திசைவு டனலிங் டையோடுகள் இன்று 2 டெராஹெர்ட்ஸை நெருங்கி அறை வெப்பத்தில் அலை இயற்றுகின்றன. குவாண்டம் கிணறு லேசர்கள், 1980-ல் ஃபுஜிட்சுவில் வந்த அதிவேக எலக்ட்ரான் டிரான்சிஸ்டர், 1982-ன் பின்னக் குவாண்டம் ஹால் விளைவு எல்லாம் இதே மாதிரி அடுக்குகளின் மேல் நடந்தவை. மீப்படிகத்தில் எசாகியும் சூவும் முதலில் எதிர்பார்த்த பிளாக் அலைவுகளைத் (மாறாத மின்புலத்தில் எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஆடுவதைத்) தெளிவாகக் காண 1990-களின் தொடக்கம் வரை ஆனது.

இன்று எங்கே இருக்கிறது

சிலிக்கான் சில்லு செய்கிறவர்களுக்கு டனலிங் நண்பன் இல்லை. டிரான்சிஸ்டரின் கட்டுப்பாட்டு முனைக்குக் கீழே உள்ள காப்புப் படலமான கேட் ஆக்சைடு 1.2 நானோமீட்டருக்கு மெலிந்தபோது, எலக்ட்ரான்கள் அதைக் குடைந்துகொண்டு கசியத் தொடங்கின. 2007-ல் ஹாஃப்னியம் கலந்த தடித்த ஆக்சைடுக்கு மாற வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தை அறை வெப்பத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கக் குறைந்தது 60 மில்லிவோல்ட் வேண்டும் என்ற எல்லையைத் தாண்டுவதற்காக, டனலிங்கையே சாவியாக வைக்கும் டிரான்சிஸ்டர்களைப் பல குழுக்கள் முயன்று வருகின்றன. எசாகியின் பட்டைப் படம் அங்கே அப்படியே திரும்ப வருகிறது, மூன்றாவது கால் ஒன்று முளைத்து.

பழைய டையோடும் சாகவில்லை. 2010-ல் எசாகி வேறு இருவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழுக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார்: அரை நூற்றாண்டுக்கு முந்தைய எசாகி டையோடுகள் இன்னும் வேலை செய்கின்றன என்று. என் டப்பாவில் இருந்ததும் அப்படித்தான்.

அதிகம் பேசப்படாத ஒரு இடத்தில் இந்தச் சந்தி இன்றும் உற்பத்தியாகிறது. செயற்கைக்கோள்களுக்குப் போகும் பல்சந்திச் சூரிய மின்கலங்களில், வெவ்வேறு நிற ஒளியைப் பிடிக்கும் இரண்டு மூன்று கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ப்பார்கள். மேல் கலத்தின் பி பக்கமும் கீழ்க் கலத்தின் என் பக்கமும் தொடும் இடத்தில், யாரும் கேட்காமலே தலைகீழாக ஒரு பி-என் சந்தி உருவாகிவிடும். அது மற்ற கலங்களுக்கு எதிராக வோல்டேஜ் கொடுத்து வரும்படியைத் தின்னும். அந்த இடத்தில் சில பத்து நானோமீட்டருக்கு மிக அதிகக் கலப்பு போட்டு எசாகி சந்தியாக்கிவிடுவார்கள். வளைவின் முதல் ஏற்றம் மட்டும்தான் அங்கே பயன்படுகிறது. சில மில்லிவோல்ட் இழப்போடு அது வெறும் கம்பியாக நடந்துகொள்ளும். வில்லைகளால் சூரிய ஒளியை நூற்றுக்கணக்கான மடங்கு குவிக்கும் கலங்களில், ஒளி மிஞ்சி மின்னோட்டம் அந்த உச்சத்தைத் தாண்டினால், கலத்தின் மின்னோட்ட-மின்னழுத்த வரைபடத்தில் திடீரென்று ஒரு குழி விழும். அந்தக் குழியைப் பார்த்ததும் அளப்பவர்கள் முதலில் சந்தேகிப்பது நடுவில் இருக்கும் டனல் சந்தியைத்தான்.